குணசேகரனின் வாய்: தொலைக்காட்சித் தீயவரும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பார்வையாளரும்

1. கேள்வி

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, சென்னையில் 'எதிர்நீச்சல்' தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நடிகர் ஜி. மாரிமுத்து மாரடைப்பால் காலமானார். தேனி மாவட்டத்துக்காரர். 'கண்ணும் கண்ணும்' (2008), 'புலிவால்' (2014) ஆகிய படங்களை இயக்கியவர். அவர் நடித்த 'ஜெயிலர்' திரைக்கு வந்து ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. ஆனால் அன்று இரங்கல் சொன்னவர்கள் பலருக்கும் வாயில் வந்த பெயர் வேறு. ஆதி குணசேகரன் போய்விட்டார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஆதி குணசேகரன் யார்? சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய அத்தொடரில், நான்கு சகோதரர்கள் கொண்ட கூட்டுக்குடும்பத்தின் மூத்தவர். படித்த பெண்களாகத் தேடித் தம்பிகளுக்குக் கட்டிவைத்து, வந்த பெண்களை அடுப்படியைத் தாண்டவிடாமல் வைத்திருப்பவர். தங்கை விரும்பியவனை விலக்கித் தான் சொன்னவனுக்கு அவளைத் தாரை வார்ப்பவர். அப்பத்தாவின் பெயரில் இருக்கும் நாற்பது விழுக்காட்டுச் சொத்துக்காக எந்தச் சூழ்ச்சிக்கும் துணிபவர். அவரிடம் பாராட்டத்தக்க குணம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், தொடரைத் தவறாமல் பார்த்தவர்களே யோசிப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்காக, அவர் கொடுமைப்படுத்திய மருமகள்களின் வயதிலும் நிலையிலும் உள்ள பெண்களே கண்கலங்கினார்கள்.

கட்டணத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் சன் கிடைக்கும் சிங்கப்பூரிலும் இதே கதைதான். பஃபலோ சாலைப் பூக்கடைகளில் மல்லிகைக் கூடைக்கு முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்த கைப்பேசியில் தொடர் ஓடும். கை சரம் தொடுத்துக்கொண்டிருக்கும், காது அங்கே இருக்கும். குணசேகரனின் குரல் கேட்டால் மட்டும் கண் மேலே எழும். ஒழுக்கம் கெட்ட ஒரு பாத்திரத்தை நோக்கி அந்தக் கண் ஏன் எழுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இது பார்வையாளர் கணக்கெடுப்பு அன்று; தொடரையும் அதன் முன்னோடிகளையும், பார்க்கப்படும் ஊரையும் சேர்த்து வைத்துச் செய்யும் ஒரு வாசிப்பு. குணசேகரனைப் பார்க்கவைத்தது அவரது தீமை அன்று, அவரது வாய் என்பது என் வாதம். அந்த வாய்க்குச் சிங்கப்பூரில் தனியாக ஒரு மதிப்பு உண்டு என்பதும் அதன் தொடர்ச்சி.

2. அறிஞர்கள் சொல்வது

இந்தக் கேள்வி மேற்கில் கால் நூற்றாண்டாக அலசப்படுகிறது. 1999இல் எச்பிஓ 'தி சொப்ரானோஸ்' தொடரைத் தொடங்கிய பிறகு, நியூஜெர்சி மாஃபியாத் தலைவர் டோனி சொப்ரானோவை மக்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது கல்வித்துறைக்கே ஒரு புதிராகிவிட்டது. அதுவரை கையில் இருந்த விளக்கம் டால்ஃப் ஸில்மன் 1970களிலிருந்து வளர்த்தது. அதன்படி பார்வையாளர் ஓயாமல் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி. நல்லவரை விரும்புவார், அவர் வென்றால் மகிழ்வார். கெட்டவர் வீழ்ந்தாலும் மகிழ்வார். டோனி இந்த வழக்காடுமன்றத்துக்குள் அடங்கவில்லை. 2004இல் ஆர்தர் ரேனி வரிசையைத் திருப்பிப் போட்டார்: முதலில் ஒருவரைப் பிடித்துவிடுகிறது, பிடித்த பிறகு அவர் செய்வதற்கெல்லாம் நாமே நியாயம் தேடிக்கொடுக்கிறோம். (ஒற்றைப் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தக் கோட்பாடு புதிதாக இருக்காது.)

இவர்களைவிட நம் கேள்விக்கு நெருங்கி வருபவர் முர்ரே ஸ்மித். 1995இல் வெளிவந்த நூலில் அவர் மூன்று படிகளைப் பிரிக்கிறார். ஒரு பாத்திரத்தை ஆளாக அடையாளம் காண்பது முதல் படி. கதை யாரோடு நம்மை நடத்திச் செல்கிறது, யாருடைய மனத்தை நமக்குத் திறந்து காட்டுகிறது என்பது அடுத்தது. ஒழுக்க அளவில் யார் பக்கம் சாய்கிறோம் என்பது மூன்றாவது. இரண்டாவது படியில் நெடுநேரம் நின்றவர் மூன்றாவதற்குத் தானாகவே வழுக்கிவிடுவார் என்பதுதான் பின்வந்த பலரின் ஊகம். நோயல் கேரல், டோனி நமக்கு உகந்தவராகத் தெரிவதற்குக் காரணம் அவரைச் சுற்றியிருப்பவர்கள் அவரைவிட மோசம் என்பதே என்றார். 'சிக்கலான தொலைக்காட்சி' பற்றி 2015இல் எழுதிய ஜேசன் மிட்டெலும் ஒப்பீட்டு ஒழுக்கத்தைத்தான் முன்வைக்கிறார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எதிர்நாயகர்களைப் பற்றி 2016இல் தனி நூலே எழுதிய மார்கரெத் ப்ரூன் வாகே இன்னும் இரண்டைச் சேர்க்கிறார். வாரக்கணக்கில் பழகிய முகத்துக்கு நண்பருக்குக் காட்டும் சலுகையைக் காட்டுகிறோம். தவிர, இது கதைதானே என்ற நினைப்பு, நடைமுறை விளைவுகளை எடைபோடும் வேலையிலிருந்து நமக்கு விடுப்பு தருகிறது.

அந்த விடுப்பு எவ்வளவு தாராளமானது என்பதைச் சிங்கப்பூரில் இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். 'பிரேக்கிங் பேட்' (2008–2013) தொடரின் வால்டர் வைட் புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர், மெத்தம்ஃபெட்டமின் காய்ச்சுகிறார். ஒரு கட்டத்தில் அவரது ஆய்வகத்தின் இலக்கு வாரத்துக்கு 200 பவுண்டு, ஏறத்தாழ 90 கிலோ. சிங்கப்பூரின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி அப்பொருளில் 250 கிராமுக்கு மேல் கடத்தியவருக்கு மரண தண்டனை உண்டு. இந்தச் சட்டத்தை ஆதரிக்கும் ஒருவரே இரவு சோபாவில் அமர்ந்து வால்டர் பிடிபடக்கூடாதே என்று பதறவும் செய்கிறார். இதை இரட்டை வேடம் என்று சொல்லிவிட முடியாது. வால்டரின் இருமல், மனைவியிடம் சொல்லமுடியாத பொய், கழிப்பறைக் கண்ணாடியில் அவர் தன்னையே பார்க்கும் பார்வை எல்லாம் நமக்குத் தெரியும். ஸ்மித்தின் இரண்டாவது படியில் நம்மை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

3. குணசேகரனுக்கு இது பொருந்துமா?

பொருந்தாது. 'எதிர்நீச்சல்' நம்மை நடத்திச் செல்வது குணசேகரனோடு அன்று. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நான்கு பெண்களோடுதான். கேமரா பெரும்பாலும் அடுப்படியில் நிற்கிறது. அவர்களின் பயமும் திட்டமும் நமக்குத் தெரியும், அவர்கள் எதை மறைக்கிறார்கள் என்பதும் தெரியும். குணசேகரனின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது தெரியாது. அவருக்குக் கண்ணாடிமுன் நிற்கும் காட்சியோ உறுத்தும் மனசாட்சியோ பரிதாபமான இளமைக் கதையோ கிடையாது. சுற்றியிருப்பவர்கள் அவரைவிட மோசமானவர்களா என்றால், அதுவும் இல்லை. தம்பிகள் அவரது நகல்கள் மட்டுமே. கேரலும் மிட்டெலும் தரும் சாவிகள் இந்தப் பூட்டில் சுழல மறுக்கின்றன.

ஒரு மறுப்பு எழலாம். குணசேகரன் எதிர்நாயகனே அல்லர், வெறும் வில்லன். எதிர்நாயகக் கோட்பாடுகளை அவர்மீது சுமத்துவது ஏன்? கதையமைப்பை மட்டும் பார்த்தால் மறுப்பு சரி. நாயகி ஜனனிதான். ஆனால் பார்வையாளர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது வேறு கேள்வி. ஜனனியின் வெற்றியை மக்கள் விரும்பினார்கள். குணசேகரனின் வருகைக்குக் காத்திருந்தார்கள். விருப்பமும் காத்திருப்பும் இப்படி இரண்டு ஆட்களிடம் பிரிந்து கிடப்பதுதான் அமெரிக்கத் தொடர்களில் காணாத அமைப்பு. டோனியிடம் இரண்டும் ஒன்றாகக் குவிந்திருக்கின்றன.

அந்த வருகையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கூடத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். அவர் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. பாதி திரும்பிய உடம்போடு, எதிரில் நிற்பவரை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாத தொனியில் ஏதோ தொடங்குகிறார். வாக்கியம் முடிவதற்குள் இன்னொருவரைப் பார்த்து ஒரு நக்கல். பிறகு "இந்தாம்மா... ஏய்" என்று ஓர் இழுப்பு. முதல் பாதியில் கொடுத்த மரியாதையை அடுத்த பாதியில் பிடுங்கிக்கொள்ளும் அந்த அழைப்புதான் மீம்களாகவும் ரீல்ஸாகவும் உலகத் தமிழர் கைப்பேசிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அவர் கை ஓங்கிய காட்சிகள் அப்படிப் பரவவில்லை. சொத்துச் சூழ்ச்சிகளை இன்று யாரிடம் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்லமுடியாது. பேச்சு மட்டும் நினைவிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு துயரமான வாய்ப்பும் அமைந்தது. மாரிமுத்து மறைந்த பின் அதே பாத்திரத்தை எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி ஏற்றார். 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதியவர். மிரட்டும் முகமும் கனத்த குரலும் உடையவர். பாத்திரத்தின் தீமை குறையவில்லை, சொல்லப்போனால் கூடியது. ஆனாலும் பழைய ஈர்ப்பு இல்லை என்ற பேச்சு பார்வையாளரிடையே பரவலாக எழுந்தது. 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்தது. தீமைதான் இழுத்தது என்றால் இந்த மாற்றத்தில் எதுவும் இழந்திருக்கக் கூடாது. புதிய குணசேகரன் அச்சுறுத்தினார். பழையவர் அச்சுறுத்திக்கொண்டே சிரிக்கவும் வைத்தார்.

இச்சான்றை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. இறந்தவரின் இடத்தில் வருபவரை யாரும் மனமார வரவேற்பதில்லை. எழுநூறு அத்தியாயங்களைக் கடந்த கதை அதற்குள் தளர்ந்தும் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் வீட்டுக்கு வந்த முகம் என்பதால், வாகே சொல்லும் பழக்கத்தின் சலுகையும் மாரிமுத்துவுக்கே சேர்ந்திருக்கும். டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே தொலைக்காட்சி முகங்களோடு நாம் கொள்ளும் ஒருதலை உறவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பழக்கம் ஏன் அதே கூடத்தில் நின்ற தம்பிகளிடம் இந்த அளவுக்கு ஒட்டவில்லை? அவர்களும் ஆறு நாள் வந்தவர்கள்தாம்.

4. தமிழில் இதற்கு முன்னோர் உண்டு

1954இல் இரண்டு படங்கள் வந்தன. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' படத்தில் சிவாஜி கணேசன் நாட்டின் இரகசியத்தை ஜப்பானியருக்கு விற்கும் பொறியாளர். பாடல் இல்லாத படம். விமர்சகர்கள் இன்றும் கொண்டாடுவது. இன்னொன்று கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் எம். ஆர். ராதா நடித்த 'ரத்தக்கண்ணீர்'. முதலாவதில் எதிர்நாயகனின் மனம் படிப்படியாகத் திறக்கப்படுகிறது. மேற்கத்தியக் கோட்பாடுகள் அதற்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் மக்களிடம் தங்கியது இரண்டாவது.

'ரத்தக்கண்ணீர்' மோகனசுந்தரம் வெளிநாட்டிலிருந்து திரும்பிய பணக்காரர். தாயை மதிக்காதவர், மனைவியைத் தள்ளிவைத்துத் தாசி வீட்டில் விழுந்து கிடப்பவர். இறுதியில் தொழுநோய் பற்றி, கண்ணிழந்து, தெருவில் பிச்சையெடுக்கிறார். கதையின் நீதி எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மேடையில் அந்த நாடகத்துக்கும் பிறகு படத்துக்கும் திரும்பத் திரும்பக் கூட்டம் கூடியது நீதிக்காகவா? ராதாவின் குரல் கரகரப்புக்காக, சாமியாரையும் சம்பிரதாயத்தையும் மாமியாரையும் ஒரே மூச்சில் கிழிக்கும் நக்கலுக்காகக் கூடியது. நோய் வந்த பிறகும் அந்த நாக்கு அடங்குவதில்லை. தண்டனை உடம்புக்குத்தான், பேச்சுக்கு இல்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் பலகுரல் கலைஞர் ஒருவர் மேடையேறினால் ராதாவைத் தொடாமல் இறங்குவதில்லை.

இன்னும் பின்னே போகலாம். தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டை வேடம். புஜக்கட்டையும் பெரிய கிரீடமும் கட்டி, திரைக்குப் பின்னிருந்து ஆடி வெளிப்படும் அந்தப் பிரவேசத்துக்காக ஊர் விழித்திருக்கும். தருமர் வருவதற்கு அத்தனை ஆரவாரம் இருக்காது. திரௌபதி வழிபாட்டில் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தொடை பிளந்து கிடப்பார். இந்த மரபின் ஒரு கிளை சிங்கப்பூருக்கும் வந்திருக்கிறது. ஆண்டுதோறும் தீமிதிக்கு முன் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் மகாபாரதச் சடங்குகள் நடக்கின்றன. தீ மிதிப்போர் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்துதான் நடந்து போகிறார்கள். தீயவனை வெறுக்கவும் அவன் வருகைக்குக் கண்விழிக்கவும் நம்மவர்கள் எச்பிஓவிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆர். எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் இராவணனாகத் தோன்றி அரங்குகளை நிறைத்ததும் இந்தப் பழக்கத்தின் மீதுதான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்கே எனக்கு ஸ்மித்தைவிடப் பயன்படுகிறது. நகைக்கு நான்கு நிலைக்களங்கள் சொல்லும்போது தொல்காப்பியர் எள்ளலை முதலில் வைக்கிறார். தான் பிறரை எள்ளுவதும், பிறர் தன்னை எள்ளுவதும் இரண்டுமே நகைக்கு இடமாகும் என்று உரையாசிரியர் பேராசிரியர் விரிக்கிறார். பெருமிதத்துக்குச் சொல்லும் நான்கில் கல்வி, புகழ், கொடை ஆகியவற்றோடு தறுகண்ணும் ஒன்று. தறுகண் என்பது அஞ்சாமை. அறம் என்று அங்கே நிபந்தனை இல்லை. ராதாவிடமும் மாரிமுத்துவிடமும் நாம் காண்பது எள்ளலும் தறுகண்ணும் ஒரே நாவில் கூடுவதை. இந்த மெய்ப்பாட்டை அனுபவிக்கப் பாத்திரத்தின் பக்கம் சாயவேண்டிய தேவை இல்லை. இங்கே கேட்கப்படுவது சாய்வு அன்று, செவி.

விதிவிலக்கும் உண்டு. 'எதிர்நீச்சல்' தொடரை இயக்கிய திருச்செல்வமே முன்பு இயக்கிய 'கோலங்கள்' (2003–2009) தொடரின் ஆதித்யா நுனிநாக்கு ஆங்கிலமும் கோட்டும் கொண்ட வில்லன். அவரைப் பார்க்கவைத்தது வாய் அன்று, வன்மம். ஆகவே எல்லாத் தமிழ்த் தீயவர்களையும் இந்த ஒரே சட்டத்தில் அடைக்க முடியாது. 'சதுரங்க வேட்டை' (2014) படத்தின் காந்தி பாபு அடங்குவார். 'புதுப்பேட்டை' (2006) கொக்கி குமார் அடங்கமாட்டார்.

5. சிங்கப்பூரிலிருந்து பார்க்கும்போது

இந்த ஊரின் சொந்தத் தொலைக்காட்சியில் தீயவருக்கு என்ன இடம்? சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963இல் வந்தது. தமிழுக்கு நெடுங்காலம் பிற மொழிகளோடு பகிர்ந்த நேரம்தான். 2000இல் வசந்தம் சென்ட்ரல், 2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழி. 1986இல் தொடங்கிய 'க்ரைம்வாட்ச்' காவல்துறையோடு இணைந்து தயாராகும் நிகழ்ச்சி. அதில் குற்றவாளி பெரும்பாலும் பிடிபடுவார்; எப்படிப் பிடிபட்டார் என்பதுதான் கதை. வசந்தத்தில் பல பருவங்கள் ஓடிய 'வேட்டை'யிலும் நடுவில் நின்றவர்கள் காவல் அதிகாரிகளே. குற்றத்தைக் கவர்ச்சியாகக் காட்டக்கூடாது என்பது இங்குள்ள ஒளிபரப்பு நெறிகளில் நிலையான ஒன்று.

இதைத் தணிக்கை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் நெறியும் கெட்டவர் கடைசியில் தண்டனை பெறவேண்டும் என்றுதான் கேட்டது; அந்த நெருக்கடியிலேயே அருமையான குற்றப் படங்கள் பிறந்தன. பாலத்துக்கு அக்கரையில் 2016இல் 'கபாலி' வெளியானபோது, முடிவில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று ஒரு வரியைச் சேர்த்தே மலேசியாவில் திரையிட்டார்கள். அந்த வரியைப் படித்துத் திருந்தியவர் யாரும் இருக்கமுடியாது. மூலத்தில் திறந்தே விடப்பட்ட முடிவை அது மூடியது, அவ்வளவுதான். தண்டனை வருமா வராதா என்பது ஒருவேளை ஈர்ப்புக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி. ராதாவுக்கு வந்த தொழுநோய் எதையும் குறைக்கவில்லையே.

சிங்கப்பூரின் நிலை வேறு வகையில் முக்கியமானது. சட்டத்தை ஏமாற்றும் எதிர்நாயகன் வளர, சட்டம் கை விரிக்கும் ஊர் வேண்டும். வட சென்னையோ நியூஜெர்சியோ அப்படிப்பட்ட ஊராகக் கதையில் நிற்கமுடிகிறது. இங்கே கும்பல் தலைவரை நம்பும்படி எழுதுவது கடினம். பார்வையாளரே இரண்டாம் அத்தியாயத்தில் கண்காணிப்புக் கேமரா எங்கே என்று கேட்பார். குணசேகரனுக்கோ இந்தத் தொல்லை இல்லை. அவரது ஆட்சி வீட்டுக்குள். வீடு எல்லோருக்கும் தெரிந்த இடம்.

எந்த வீடு என்பதில்தான் பார்வையாளர் பிரிகிறார்கள். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பத்துப் பெண்ணுக்குக் குணசேகரன் தாத்தா காலத்து நினைவு. பாட்டி சொன்ன கதைகளில் வந்த மூத்தார். 1961இன் மாதர் சாசனம் இருக்கிறது, வேலை இருக்கிறது, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுப் பத்திரத்தில் தன் பெயரும் இருக்கிறது. அவர் இவளை எதுவும் செய்யமுடியாது என்ற தெளிவோடு பார்க்கிறாள், அதனால் சிரிக்க முடிகிறது. மதுரையிலிருந்தோ தேனியிலிருந்தோ பத்தாண்டுகளுக்கு முன் வந்து செங்காங்கில் குடியிருக்கும் தகவல் தொழில்நுட்பக் குடும்பத்துக்கு அவர் நினைவு அல்லர், ஜூன் விடுமுறையில் போய்ச் சந்திக்கவேண்டிய பெரியப்பா. சிரிப்பு வரும், கொஞ்சம் அடக்கிக்கொண்டு வரும். தங்குவிடுதியில் மேல்கட்டிலில் படுத்துக் கைப்பேசியில் பார்க்கும் கட்டுமான ஊழியருக்கு அவர் இன்னும் அருகில். தங்கை கல்யாணத்தையும் வயல் பங்கையும் முடிவுசெய்பவர் ஊரில் இருக்கிறார், பணம் இங்கிருந்து போகிறது. அந்த ஊழியர் எங்கே சிரிக்கிறார், எங்கே பேசாமல் இருக்கிறார் என்பது தனி ஆய்வுக்கு உரியது. ஒரே பாத்திரம் மூன்று தூரங்களில் நிற்கிறது. பழகிய ஆள், ஆனால் கை எட்டாத ஆள் என்ற சேர்க்கை எங்கே சரியாக அமைகிறதோ அங்கே சுவை உச்சத்தில் இருக்கிறது. முதல் இரண்டு வகைப் பார்வையாளருக்குச் சிங்கப்பூர் அந்தத் தூரத்தைச் செலவில்லாமல் தருகிறது.

இனி மொழி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்ன குடியிருப்பாளர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. பள்ளிகளில் தமிழ் நன்றாகவே கற்பிக்கப்படுகிறது. 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் வகுப்பறைக்குள் வந்த பேச்சுத் தமிழ் தலை வாரிப் பொட்டு வைத்த தமிழ்; எல்லோருக்கும் பொதுவானது, யாரையும் புண்படுத்தாதது. வாய்மொழித் தேர்வில் சுற்றுச்சூழல் தூய்மை பற்றித் தடங்கலின்றிப் பேசும் பிள்ளைக்கு, தம்பியோடு சண்டை வந்தால் ஆங்கிலம்தான் வாயில் வருகிறது. திட்டுவதற்கும் நக்கலடிப்பதற்கும் கெஞ்சுவதற்கும் வேண்டிய தமிழ், பாடநூலில் இடம்பெற வழியில்லாத தமிழ். வீட்டில் அது குறைந்துபோனால் வேறு எங்கும் கிடைக்காது.

குணசேகரன் வாயில் அது குறையாமல் கிடைக்கிறது. தேனிச் சீமையின் இழுப்பும், முடிக்காமல் விடும் வாக்கியமும், எதிராளியை மூன்றாம் மனிதராக்கிப் பேசும் தந்திரமும் அதில் உண்டு. பல இனத்தார் கூடி வாழும் ஊரில், பொது இடத்தில் சொல்லை அளந்து பேசிப் பழகியவர்கள் நாம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் நாக்குக்குக் கொஞ்சம் களைப்பு. அளக்காமல் பேசும் ஒருவரை, அதுவும் நம் மொழியில் பேசும் ஒருவரை, வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பதில் வாகே சொல்லும் விடுப்போடு இன்னொரு விடுப்பும் சேர்ந்துகொள்கிறது. அவர் பேச்சில் உள்ள கருத்தை ஏற்கவேண்டிய கட்டாயம் கேட்பவருக்கு இல்லை. அப்படிப் பேச முடிகிறது என்பதே போதுமாக இருக்கிறது.

6. எதிர்ப்பேச்சு

இதெல்லாம் ரசனைக் கணக்கு. வீட்டுக் கொடுங்கோன்மையை வேடிக்கையாக்கிவிட்டால் உண்மையான கொடுங்கோலருக்கு அது துணைபோகாதா என்று பெண்ணியத் தரப்பு கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும். நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் ஒரு பெண்ணை வாயடைக்க வைத்துவிட்டு, வெற்றியை மட்டும் கடைசிக்குத் தள்ளிப்போடும் தொடர் அவளுக்கு என்ன கொடுத்தது? விளம்பர இடைவெளிகள் நிறையக் கொடுத்தது என்று கசப்போடு சொல்லலாம். தொடர் நீள்வதற்குக் குணசேகரன் தோற்காமல் இருப்பது தேவை. ஆறு நாள் ஒளிபரப்பின் வணிகக் கணக்குக் கொடியவர் பக்கமே சாய்ந்திருக்கிறது. இந்த அம்சத்தில் நான் தொடரைக் காப்பாற்ற முயலவில்லை.

ஆனால் பேச்சால் ஆளும் ஒருவரைப் பேச்சாலேயே எதிர்க்கவும் முடியும். ஹரிப்ரியா நடித்த நந்தினி செய்வது அதைத்தான். ஜனனி சட்டமும் கல்வியும் கொண்டு மோதுகிறாள். நந்தினி அடுப்படியில் நின்றபடி குணசேகரனின் நக்கலையே எடுத்து, அதே மண்ணின் தமிழில், அவருக்குக் கேட்டும் கேட்காததுமாகத் திருப்பி வீசுகிறாள். ரசிகர்களிடம் மாரிமுத்துவுக்கு அடுத்தபடி பேசப்பட்டவர் அவர் என்பது தற்செயல் ஆகாது. பேராசிரியர் சொன்ன இருவழி எள்ளல் இங்கே முழுமை பெறுகிறது. துப்பாக்கியால் ஆளும் எதிர்நாயகனிடம் பார்வையாளருக்கு எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. வாயால் ஆள்பவரின் ஆயுதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "இந்தாம்மா... ஏய்" என்பதைக் கணவனை நோக்கி மனைவியும், அப்பாவை நோக்கி மகளும் வீசி எடுத்த குறுங்காணொளிகள் ஏராளம். குணசேகரன் அதைக் கேட்டிருந்தால் சகித்திருக்கமாட்டார். மாரிமுத்து சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உள்ளூர்த் தொடர் எழுதுவோருக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பூரில் கும்பல் தலைவரை எழுதுவது கடினம் என்றேன். வாயால் பிழைக்கும் தீயவரை எழுத எந்த நெறியும் தடையில்லை. லிட்டில் இந்தியாவில் கடைவீட்டு மாடியில் ஓர் அலுவலகம், சாமி படம், அணையாத ஊதுபத்தி. வேலை முகவர் உட்கார்ந்திருக்கிறார். ஊழியரிடம் ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், மிகுந்தால் இரண்டு மாதச் சம்பளம் என்று கட்டணத்துக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அவர் இங்கே அதற்கு மேல் ஒரு வெள்ளி வாங்குவதில்லை. மீதியை ஊரில் மச்சான் வாங்கிவிடுவார். எதிரில் நிற்கும் இளைஞனைத் தம்பி என்றுதான் அழைக்கிறார். ஊர்ப்பெயர் கேட்கிறார், குலசாமி கேட்கிறார், தேநீர் வரவழைக்கிறார். அவர் பேசப் பேச அந்த இளைஞனுக்கே தன் பணம் எங்கே போனது என்பது மறந்துபோகிறது. இவரை எழுதுபவர் அவரது பிள்ளைப்பருவத் துயரத்தைத் தேடிப் போகவேண்டாம். சிவகங்கைத் தமிழா, பட்டுக்கோட்டைத் தமிழா என்பதை மட்டும் முதலில் முடிவுசெய்துகொள்ளட்டும்.